திட்ட மென்பொருளில் யாருக்கு இடம்?

இறுதியாண்டுத் திட்டப்பணிக்குக் குழு பிரித்த முதல் வாரத்திலேயே நம்மிடையே ஒரு விவாதம் எழும். வேலைகளை எந்த மென்பொருளில் பதிந்து கண்காணிப்பது? ஒருவர் டிரெல்லோ என்பார். தொழிற்பயிற்சி முடித்து வந்தவர் ஜிராவைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டேன் என்பார். இன்னொருவர் கூகுள் விரிதாளே போதும் என்பார். ஒரு மணி நேரம் பேசிக் களைத்தபின் எல்லாரும் புலனத்தில் ஒரு குழுவைத் திறந்துகொண்டு கலைந்துவிடுவோம். பதினான்கு வாரம் கழித்து, "மின்சுற்றுப் படத்தின் கடைசி வடிவம் யாரிடம் இருக்கிறது?" என்று அதே குழுவில் நள்ளிரவில் ஒருவர் கேட்பார். பதிலுக்கு மூன்று வெவ்வேறு கோப்புகள் வரும்!

இதைச் சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் படித்து முடித்ததும் நம்மில் பலர் போய்ச் சேரப்போவது பொருள் உருவாக்கக் குழுக்களில்தான். டைசன் நிறுவனம் தன் தூசு உறிஞ்சிகளின் உற்பத்தியை 2002இல் இங்கிலாந்திலிருந்து மலேசியாவுக்கு மாற்றியது. அதற்கு முன்னும் பின்னுமாக மின்னணுப் பொருள்களும் வீட்டு உபயோகப் பொருள்களும் செய்யும் நிறுவனங்கள் பல ஜொகூருக்கு வந்தன. உற்பத்தி மட்டுமே நடந்த இடங்களில் வடிவமைப்பும் சோதனையும் சேர்ந்துகொண்டன. 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இந்த வேலைகளைப் பற்றிய பேச்சு வளாகத்தில் இன்னும் கூடியிருக்கிறது. ஆகவே, ஒரு புதிய பொருளை உருவாக்கும் குழு தன் வேலையை எதில் எழுதி வைக்கிறது என்பது நம் பிழைப்போடு தொடர்புடைய செய்தி.

மென்பொருள்களை ஒப்பிட்டு வரும் கட்டுரைகள் எல்லாம் வசதிகளைத்தான் வரிசைப்படுத்துகின்றன. காலக்கோட்டுப் படம் உண்டா, நாள்காட்டி உண்டா, நேரக் கணக்கு உண்டா, கைப்பேசிச் செயலி உண்டா என்று கட்டம் கட்டிச் சரிக்குறி போட்டுக் காட்டுவார்கள். என் கருத்து வேறு. குழுவில் கெட்ட செய்தியை முதலில் அறியப்போகிறவர் யார், அவருக்கு இந்த மென்பொருளில் எழுதும் உரிமை கிடைக்குமா என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும். அதற்குப் பதில் கிடைக்காதவரை அந்தச் சரிக்குறிக் கட்டங்களைத் திறந்து பார்க்கவே தேவையில்லை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், அந்தக் கேள்வியைக் கேட்காமல் மென்பொருள் வாங்கிய ஓர் இடத்தைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு என் தொழிற்பயிற்சி ஜொகூரில் ஒரு நிறுவனத்தில் அமைந்தது. பெயர் இங்கே வேண்டாம். சமையலறையில் பயன்படும் ஒரு சிறு கருவியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். பொறியாளர், வடிவமைப்பாளர், கொள்முதல் பிரிவினர் எனப் பதினைந்து பேர் மேல்மாடியில். கீழே சோதனைக் கூடத்தில் ஆறு தொழில்நுட்பர்கள். அவர்கள் பயன்படுத்திய திட்ட மேலாண்மை மென்பொருளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். எனவே மேல்மாடியிலிருந்த பதினைந்து பேருக்கு மட்டும் உரிமம் வாங்கினார்கள். கீழே இருந்த ஆறு பேருக்கும் சேர்த்துச் சுவரில் ஒரு திரை. அதில் எல்லாவற்றையும் பார்க்கலாம். எதையும் எழுத முடியாது.

அந்த ஆறு பேரில் ஓர் அண்ணன் இருந்தார். குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர்; இருபது ஆண்டாக இதே வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு 555 நோட்டு இருக்கும். மளிகைக் கடையில் கடன் எழுதி வைப்பார்களே, அதே சின்ன நோட்டுதான். கருவியை மேசை உயரத்திலிருந்து விழுத்திப் பார்க்கும் சோதனை அவர் பொறுப்பில் நடந்தது. ஒரு திங்கட்கிழமை மூன்று மாதிரிகளில் மூடியின் கொக்கி ஒரே இடத்தில் விரிசல் விட்டது. தேதி, மாதிரி எண், எந்தப் பக்கமாக விழுந்தது, விரிசல் எவ்வளவு நீளம் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். மேற்பார்வையாளரிடம் வாயாலும் சொன்னார். மேற்பார்வையாளருக்கு அன்று வேறு தலைவலி. மேல்மாடித் திரையில் அந்தச் சோதனைக்கு நேராக "நடைபெறுகிறது" என்று பச்சை நிறம் தொடர்ந்து ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அதே நேரத்தில், வேறொரு மாற்றத்துக்காக மூடியின் அச்சைப் பட்டறைக்கு அனுப்பித் திருத்தி வாங்கினார்கள். கொக்கியின் சேதி தெரிந்திருந்தால் இரண்டையும் ஒரே தடவையில் முடித்திருக்கலாம். தெரியாததால், மூன்று வாரம் கழித்து அதே அச்சு மீண்டும் பட்டறைக்குப் போனது. வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனது. பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை என்று காரணம் கேட்டுக் கடிதம் அண்ணனுக்கு வந்தது. மென்பொருளின் பதிவேட்டில் அவர் பெயரில் எதுவும் இல்லையாம்!

"மேல சொல்லியிருக்கலாமே அண்ணே?" என்று கேட்டேன்.

"சொல்லாம இருப்பனாம்மா? எழுதியும் வச்சிருக்கேன், பாரு. அந்தத் திரையில போட எனக்கு வழி இருக்கா?" என்றார்.

நோட்டை மேசைமேல் வைத்துத்தான் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றார்களா என்பது என் பயிற்சிக் காலம் முடியும்வரை யாருக்கும் தெரியவில்லை.

இதில் மென்பொருள் கெட்டுப்போகவில்லை, கவனியுங்கள். செய்யச் சொன்னதைச் சரியாகவே செய்தது. பிழை அதை வாங்கிய முறையில் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று விலை வைக்கும்போது, யாருக்கு உரிமம் வேண்டாம் என்று யோசிக்கும் பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது. அப்படி யோசிக்கும்போது வெட்டுப்படுவது எப்போதும் கீழ்த்தளம்தான். பொருளைக் கையால் தொடுகிறவர், விழுத்துகிறவர், எரிக்கிறவர், உடைக்கிறவர் அங்கேதான் இருக்கிறார். பொருளின் குறை முதலில் தெரிவதும் அவருக்குத்தான். சம்பளப் பட்டியலில் கீழே இருப்பவர் செய்தி அறிவதில் முதலில் இருக்கிறார். உரிமம் வாங்கும்போது இந்த வரிசை மாறிவிடுகிறது. ஆறு பேரின் மாதக் கட்டணத்தை மிச்சப்படுத்தியவர்கள், ஓர் அச்சை மறுபடி பட்டறைக்கு அனுப்பி எடுக்க எவ்வளவு ஆகும் என்பதை அதே தாளில் எழுதிப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாருக்கும் எழுத இடம் கொடுத்தால் குப்பை சேரும், ஒழுங்கு கெடும் என்று மேலாளர்கள் சொல்வதுண்டு. இதற்கு ஜப்பானியர்கள் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். தொயோத்தா தொழிற்சாலையில் வேலை வரிசையோரம் ஒரு கயிறு தொங்கும். குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடி வருவார். அங்கேயே தீர்க்க முடியாவிட்டால் வரிசை நிற்கும். கயிறு குப்பைச் செய்தியால் நிறைந்துவிடும் என்று பயந்து அதை மேலாளர் அறையில் கட்டி வைக்கவில்லை. இன்று டிரெல்லோ போன்றவற்றில் நாம் இடமிருந்து வலமாக நகர்த்தும் அட்டைகளுக்கும் மூலம் தொயோத்தாதான். அங்கே "கான்பான்" என்பது வேலைத்தளத்தில் கைமாறிய உண்மையான அட்டை. மென்பொருள்காரர்கள் அட்டையை எடுத்துக்கொண்டார்கள். கயிற்றை மறந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

"ஸ்கிரம்" என்ற சொல்லும் அப்படித்தான். கணினித் துறைக்கு மட்டும் உரியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தக்கேயுச்சி, நொனாக்கா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் 1986இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் எழுதிய கட்டுரைதான் அதற்கு வித்து. அவர்கள் ஆராய்ந்தது மென்பொருளையே அன்று. நகலெடுக்கும் கருவி, புகைப்படக் கருவி, கார் போன்ற பொருள்களை உருவாக்கிய குழுக்களை. வேலையை ஒரு பிரிவு முடித்து அடுத்த பிரிவிடம் தூக்கிப்போடுவதற்குப் பதிலாக, ரக்பி ஆட்டக்காரர்களைப்போல எல்லாரும் சேர்ந்தே பந்தை நகர்த்துகிறார்கள் என்றார்கள். ஹோண்டா சிட்டி காரை வடிவமைத்த குழுவின் சராசரி வயது 27 என்ற குறிப்பும் அதில் வருகிறது. நம்மைவிட ஐந்து வயது மூத்தவர்கள்! சேர்ந்து நகர்த்துவது என்பதுதான் அதன் உயிர். பதினைந்து பேர் விளையாட, ஆறு பேர் சுவரில் திரை பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஸ்கிரம் என்று பெயர் வைத்துப் பயனில்லை.

எழுத இடமிருந்தும், ஆளுக்கொரு கருவி வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய சாட்சி சாங்கியில் வந்து இறங்கியிருக்கிறது. ஏர்பஸ் ஏ380 விமானத்தைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முதலில் 2006இலேயே பெறுவதாக இருந்தது. கைக்கு வந்தது 2007 அக்டோபரில். தாமதத்துக்குப் பெரிய காரணம் மின்கம்பிகள். ஒரு விமானத்துக்குள் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பி ஓடுகிறது. ஜெர்மனியின் ஹம்பர்க்கில் ஒரு குழு, பிரான்சின் துலூஸில் இன்னொரு குழு. ஒரே வடிவமைப்பு மென்பொருளின் நான்காம் பதிப்பை ஒரு பக்கமும் ஐந்தாம் பதிப்பை மறுபக்கமும் பயன்படுத்தின. கணினித் திரையில் பொருந்திய கம்பிக் கட்டுகள் விமானத்தில் பூட்டும்போது நீளம் போதாமல் நின்றன. 2006இல் இந்தத் தாமதம் வெளியே தெரிந்தபின் தலைமையில் இருந்தவர்கள் பதவி விலக நேர்ந்தது. அது வரைபட மென்பொருள், நாம் பேசுவது திட்ட மென்பொருள் என்று சிலர் சொல்லலாம். வேறுபாடு உண்டுதான். ஆனாலும் ஒரு பொருளைச் செய்யும் கைகள் எல்லாம் ஒரே பதிவைப் பார்க்கவில்லை என்றால் குறை கடைசிக் கட்டத்தில்தான் தெரியும் என்பது இரண்டுக்கும் பொது.

தெரிந்துவினையாடல் அதிகாரத்தை நாம் தமிழ்ப்பள்ளியில் மனனம் செய்தோம். அதன் 517ஆம் குறளைத் தேர்வுக்காகப் படித்தபோது எனக்குத் தோன்றாத ஒன்று இப்போது தோன்றுகிறது. வேலை, கருவி, ஆள் என்ற மூன்றையும் சேர்த்து ஆராயச் சொல்லும் வள்ளுவர், ஆராய்ந்த பிறகு வேலையை அந்த ஆளிடமே விட்டுவிடவும் சொல்கிறார். கருவியை மட்டும் தனியே தேர்வு செய்ய அங்கே இடமில்லை. நம் நிறுவனங்களில் நடப்பதோ நேர்மாறு. கருவியைத் தலைமையகத்தில் யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள். வேலையும் ஆளும் பிறகு அதற்கு ஏற்றாற்போல் வளைகின்றன.

அடுத்து, விற்பவரின் மனம் மாறினால் என்ன செய்வது என்பதையும் பார்க்கவேண்டும். ஜிரா 2002இல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனத்தில் பிறந்தது. (காட்ஸில்லா என்ற அந்தப் பூதத்தின் ஜப்பானியப் பெயரான கோஜிராவைச் சுருக்கி வைத்த பெயர் இது. முந்தைய மென்பொருளின் பெயர் பக்ஸில்லா என்பதால் வந்த வேடிக்கை.) பல குழுக்கள் அதைத் தம் சொந்தக் கணினியிலேயே நிறுவி வைத்திருந்தன. 2020 அக்டோபரில் அந்தப் பதிப்பை நிறுத்தப்போவதாக அட்லாசியன் அறிவித்தது. 2024 பிப்ரவரி 15உடன் ஆதரவு முடிந்தது. மேகக் கணினிக்கு மாறு, இல்லையேல் பெரிய நிறுவனங்களுக்கான பதிப்பை வாங்கு என்பதுதான் மிச்சமிருந்த வழி. பிவோட்டல் டிராக்கர் என்ற இன்னொரு மென்பொருள் 2025 ஏப்ரல் 30உடன் மூடப்பட்டே போனது. வணிகத்தில் இவை சகஜம், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பொருளின் ஆயுள் பல ஆண்டு. 2019இல் இந்தக் கொக்கியை ஏன் இந்தத் தடிமனில் வைத்தோம் என்ற கேள்வி 2026இல் வரும். அன்று பதிவு நம் கையில் இருக்கவேண்டும். ஆகவே, சேரும் நாளிலேயே எல்லாத் தரவையும் வெளியே எடுத்துப் பாருங்கள். அட்டைகள் மட்டும் வந்து, அதற்குக் கீழே நடந்த உரையாடலும் ஒட்டிய படங்களும் வராமல் போனால், உங்களிடம் இருப்பது வெறும் தலைப்புப் பட்டியல்.

கட்டணமே இல்லாத ரெட்மைன் போன்றவை இந்த இரண்டு கவலையையும் தீர்க்கும். 2006 முதல் இருக்கும் திறமூல மென்பொருள் அது. நூறு பேரைச் சேர்த்தாலும் தலைக்கணக்கு இல்லை. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சும்மா கிடக்கும் ஒரு கணினியில் நிறுவிவிடலாம். ஆனால் யார் பராமரிப்பது? ஆர்வமுள்ள ஒரு மூத்த மாணவர் நிறுவுவார், அவர் பட்டம் வாங்கிப் போனதும் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். ஆள் இல்லாத இலவசத்தைவிட, ஆள் பார்க்கும் கட்டண மென்பொருள் மேல் என்று ஒரு சிறு நிறுவனம் முடிவு செய்தால் அதில் நியாயம் உண்டு. அந்த முடிவில் கீழ்த்தளத்துக்கும் உரிமம் சேர்ந்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம் நண்பர்கள் ஸோஹோ பெயரைச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். சென்னையில் வேரூன்றி, தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறைவரை அலுவலகத்தைக் கொண்டுபோன நிறுவனம் அது. 2006 முதல் திட்ட மேலாண்மைக்கென்று ஒரு மென்பொருளையும் வைத்திருக்கிறது. தமிழர் செய்தது என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் பெருமை ஒரு மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதற்குக் காரணமாகலாம், வாங்குவதற்கு ஆகாது. அதையும் மற்றவற்றோடு சேர்த்து அதே கேள்விகளைக் கேளுங்கள்.

உரிமம் கிடைத்தாலும் எழுதுவார்களா என்பது மொழியைப் பொறுத்தது. நிறுவனத்தில் அட்டைகள் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி தேசிய இடைநிலைப்பள்ளி வழியாக வந்த எனக்கே, ஒரு குறையை ஆங்கிலத்தில் விவரிக்க மலாயில் சொல்வதைவிட இரு மடங்கு நேரம் ஆகிறது. அப்படியென்றால் சோதனைக் கூடத்தில் இருப்பவர் என்ன செய்வார்? "ஓகே" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்வார். அந்த "ஓகே"க்குப் பின்னால் விரிசல் விட்ட மூன்று மூடிகள் இருக்கலாம். தமிழில் தட்டச்சு செய்வது இன்று ஒரு தடையே இல்லை. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலும், 2005இல் வந்த செல்லினமும் அந்தத் தடையை எப்போதோ உடைத்துவிட்டன. குறையை அவரவர் மொழியில், ஒரு படத்தோடு எழுதட்டும். மொழிபெயர்ப்பது சம்பளம் அதிகம் வாங்குபவரின் வேலையாக இருக்கட்டும். பொறியாளருக்குப் பத்து நிமிடம் கூடுதலாகும். அச்சு பட்டறைக்குப் போய்வர மூன்று வாரம் ஆகும்.

கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டங்களையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அந்த நிறுவனத்தில் ஒரு குறையைப் பதிய பதினொரு கட்டங்களை நிரப்ப வேண்டும். கையுறை போட்டவர் கைப்பேசியில் பதினொரு கட்டம் நிரப்பமாட்டார். 555 நோட்டுக்கு எத்தனை கட்டம்?

இது தொழிற்சாலைக் கதை மட்டுமன்று. நம் திட்டப்பணியிலும் சில விரிவுரையாளர்கள் மென்பொருளின் நடவடிக்கைப் பதிவைப் பார்த்தே தனிமனிதப் பங்களிப்புக்குப் புள்ளி போடுகிறார்கள். இரவெல்லாம் உட்கார்ந்து பற்றவைத்த நண்பருக்கு ஓர் அட்டையும் இருக்காது. அட்டைகளை அழகாக நகர்த்தியவருக்குப் பத்து இருக்கும். அமைதியானவர் யார், பேச்சுத் திறமை இல்லாதவர் யார் என்பது நம் குழுக்களில் எல்லாருக்கும் தெரியும். தமிழ் மாணவர் பலர் அந்த அமைதிப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை.

இந்த ஆண்டு எங்கள் குழு ஐவர். மென்பொருளைத் தேர்ந்தெடுக்குமுன் ஆய்வுக்கூட உதவியாளரான பாக்சிக்கையும் ஆறாவது ஆளாகச் சேர்த்து எண்ணினோம். எங்கள் கருவி எரிவதை எங்களுக்கு முன்னால் முகர்ந்து கண்டுபிடிப்பவர் அவர். ஆறு பேர் என்றால் பல மென்பொருள்களின் இலவச வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. நான்கு மென்பொருள்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் அவர் தம் கைப்பேசியிலிருந்து ஒரு குறையை மலாயில் பதிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தோம். ஒன்றில் கணக்குத் திறப்பதற்குள்ளேயே, "வேண்டாம், நேரில் சொல்லிவிடுகிறேன்" என்றார். அது போனது. பிறகு மிச்சம் மூன்றிலும் "கொக்கி உடைந்தது" என்று தமிழில் ஓர் அட்டை எழுதி, மறுநாள் தேடிப் பார்த்தோம். ஒன்றில் வரவில்லை. அதையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். மீதமிருந்த இரண்டில் எது அழகாக இருக்கிறது என்று அரை மணி நேரம் வாதாடினோம். அதற்குமேல் அந்த வாதத்துக்கு நேரம் ஒதுக்கத் தோன்றவில்லை.